பெயர் வைக்கக் காத்திருந்த காட்டு நாவல்

இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்காமல் அதற்குப் பெயர் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஹெர்பேரியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வாழ்த்திவிட்டு, டீ குடித்துவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்தீர்கள். காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கும் வேலையில் யாருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று என் உறவுக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு காட்டின் தலையெழுத்து எங்கள் மேசைமேல் கிடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். செடியை எப்படி அழுத்துவது, எப்படி உலர்த்துவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஹெர்பேரியம் என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் எந்தச் செடியின் பெயரும் அந்த அறையைவிட்டு வெளியே போகாது. அந்த அதிகாரத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன் என்று என் சகாக்கள் சொல்வார்கள். அது உண்மைதான்.

நாவல் குடும்பம் உங்களுக்குத் தெரியும். கொய்யா, கிராம்பு, தைலமரம், நாவல் எல்லாம் ஒரே குடும்பம். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் வாசனை வரும். அதனால் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்குள் இது எந்த நாவல் என்று கண்டுபிடிப்பதுதான் உயிரை வாங்கும். நம் தாம்பரத்துப் புதர்க்காட்டில் அந்தத் தொல்லை அதிகம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் போய் நின்றால் பாதி மரம் நாவல் மாதிரியே தெரியும். பூ கிடைத்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். அந்த மரங்களோ ஒரு வருஷம் பூத்தால் மறு வருஷம் சும்மா நிற்கும். பூ இல்லாத வெறும் கிளையை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த மலையில்தான் எட்வின் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பல்லாவரத்துப் பையன், எங்கள் திருச்சபைதான். துறையில் என்னை மேடம் என்பான், கேட்டைத் தாண்டினால் அக்கா என்பான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் மிஞ்சியிருந்த மழைக்காட்டுத் துண்டுகளில் நாவல் குடும்பத்து மரங்கள் எத்தனை வகை பிழைத்திருக்கின்றன என்று பார்ப்பது அவன் வேலை. மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து, கட்டுக் கட்டாகக் கிளைகளைக் கொண்டுவந்து என் மேசையில் போடுவான்.

அந்தத் துண்டுகளில் ஒன்று அரசாங்க நிலம், ஒரு எஸ்டேட்டிடம் குத்தகையில் இருந்தது. அதன் தென்பாதியை அழித்து, தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகும் என்று தைலமரம் நட எஸ்டேட்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். முடிவு செய்ய வேண்டிய வன அதிகாரிக்கு எட்வினின் வேலை பற்றித் தெரிந்திருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்தத் தென்பாதியில் எட்வினுக்கு ஒரு நாவல் கிடைத்திருந்தது. அகலமான பெரிய இலை. இளங்கொம்பு உருண்டையாக இல்லாமல் நாலு பக்கமும் பட்டை தட்டியிருக்கும். ஆள் உயரப் புதர் என்று குறித்திருந்தான். பூவும் இல்லை, காயும் இல்லை. எங்கள் அலமாரியில் இருந்த எந்த நாவலோடும் அது ஒத்துப்போகவில்லை. நானும் வெளிச்சத்தில் பிடித்தேன், கசக்கினேன், பழைய தாள்களையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வகையாக இருக்கலாம் என்று எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. "இதுவரை பெயரிடப்படாத வகையாக இருக்கலாம்" என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

அந்த ஒரு வரியில் இரண்டு விஷயங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறெங்கும் இல்லாத மரம் நிற்கும் இடத்தை வெட்ட எந்த அதிகாரியும் அனுமதி தரமாட்டார், ஆகையால் காடு பிழைக்கும். எட்வினின் ஆராய்ச்சிக்கும் அதுதான் கிரீடம். என்ன பெயர் வைப்பது என்று துறையில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடந்தது.

எஸ்டேட் மேனேஜர் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். இரண்டு தேயிலைப் பொட்டலங்களை என் மேசையில் வைத்தார். நான் அவற்றை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

"மேடம், தென்பக்கம் மரமே கிடையாது. வெறும் புதர்தான். அந்தப் புதரை எடுத்துட்டுத்தான் யூகலிப்டஸ் வைக்கப்போறோம்" என்றார்.

"எங்க ஆள் அங்கே போய் பார்த்துட்டுத்தான் வந்திருக்கார். அவர் எழுதுவார்."

"எழுதட்டும் மேடம். ஆனா யூகலிப்டஸும் உங்க நாவல் ஃபேமிலிதானே? குடும்பச் சொத்து குடும்பத்துக்குள்ளேயே இருந்துட்டுப் போகட்டுமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகத்தான் சொன்னார். சிரித்ததற்காக அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அறிக்கை வெள்ளிக்கிழமை டைப் ஆகி வந்தது. அடுத்த வாரம் பட்டணத்தில், வன அதிகாரியின் அலுவலகத்தில் கூட்டம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காலையில் தெளிந்த கண்ணோடு ஒருதரம் படித்துவிட்டுப் போடலாம் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. கரண்ட் கம்பிக்கு இடைஞ்சல் என்று சில மாதங்களுக்கு முன் அதை வெட்டிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை நான் போனபோது அந்த இடத்தில் ஒரு ஆடு வழியை மறித்துக்கொண்டு எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. நகரவில்லை. விரட்டுவதற்காகப் பக்கத்தில் இருந்த கொம்பு ஒன்றை ஒடித்தேன். கையில் பட்டதும் உறுத்தியது. கொம்பு உருண்டையாக இல்லை, நாலு பட்டையாக இருந்தது. இலை என் உள்ளங்கையைவிட அகலம். இரண்டு மூன்று விநாடி அது என்ன செடி என்று எனக்கே தெரியவில்லை. பிறகு காலடியைப் பார்த்தேன். வெட்டிய நாவலின் அடிக்கட்டை. அதைச் சுற்றித்தான் அத்தனை தளிரும் கிளம்பியிருந்தது.

எட்வின் கொண்டுவந்ததும் இதே மாதிரிக் கொம்பு, இதே மாதிரி இலைதான். ஆட்டை மறந்துவிட்டேன். வெட்டுப்பட்ட மரம் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும்போது அதற்குக் கீழே பெரிய வேர் இருக்கிறது, மேலே இருப்பதோ நாலைந்து கொம்பு. வேரின் பலமெல்லாம் அந்தக் கொம்புகளில் ஏறும் வேகத்தில் இலை பெரிதாகும், கொம்பு பட்டை தட்டும், மரத்தின் ஜாடையே இருக்காது. தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் தாளில் தைத்த கிளைக்கு அடிக்கட்டை இருக்காதே! அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

துறைக்குப் போய் எட்வினைக் கையோடு அழைத்து வந்தேன். அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு கொம்பை ஒடித்து அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான், கசக்கி முகர்ந்தான், வெளிச்சத்தில் பிடித்தான். அப்போது மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அம்மாள் கூடையோடு எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் எலைய மோந்து பாத்துகினு கீறீங்க? கறிவேப்பிலை வோணும்னா கடையில கேளுங்க."

"கறிவேப்பிலை இல்லம்மா, நாவல்."

"தெரியும். வெயிலுக்கு இங்கதான் கூடைய எறக்குவேன். வெட்டிப் போட்டுட்டானுங்க, இப்ப நிக்க நெழலு இல்ல. ஒரே பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எட்வின் கொம்பைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான். முகம் சின்னதாகிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீங்க இந்தக் கட்டையைப் பார்க்கலைன்னே வெச்சுக்கோங்களேன்."

"பார்த்துட்டேனே."

"நாம 'இருக்கலாம்'னுதானே போட்டிருக்கோம். அதுல பொய் என்ன இருக்கு? அந்த வரியை எடுத்தா அடுத்த மாசமே அங்க கோடாலி இறங்கும். நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்."

அவன் தன் பட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, காட்டைப் பற்றித்தான் பேசினான். அதனால்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த வரியை விட்டுவைக்கவே ஆசை. தைலமரம் வரிசையாக நிற்கிற அந்தச் சரிவை நினைத்தாலே பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எட்வினையும் கூட்டிக்கொண்டு எங்கள் துறைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் பதற்றமே படாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு உறுதியாத் தெரியுமா, அது அடிக்கட்டைத் தளிர்தான்னு?" என்றார்.

"உறுதியாத் தெரியாது சார்."

"அப்போ சந்தேகம் இன்னும் இருக்கு. சந்தேகத்தைத்தானே எழுதியிருக்கோம்? ஒரு காடு பொழைக்குதுன்னா கையெழுத்துப் போடறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"வெள்ளிக்கிழமை போட்டிருந்தா எந்தக் கஷ்டமும் இல்லை சார். அப்போ எனக்கு நிஜமாவே தெரியாது. இப்போ என் மனசுல சந்தேகம் இல்லை. இல்லாத சந்தேகத்தை நான் எப்படி எழுதறது?"

அவர் கோபப்படவில்லை. "ஹெர்பேரியம் உன் பொறுப்பு. நீயே முடிவு பண்ணு. ஆனா முடிவோட பலனையும் நீதான் சுமக்கணும்" என்றார். காபி கொடுத்து அனுப்பினார். 

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் அதை அடித்துவிட்டு எழுந்து போய்விடத் தோன்றும். நானும் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். காடு போயிருக்கும், நான் நேர்மையானவள் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போயிருப்பேன். நல்ல வேளை, கல்லூரிச் சாலையில் நடந்து திரும்பும்போது சும்மா இருக்கமாட்டாமல் எட்வினிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்தப் புதர் உனக்கு எத்தனை இடத்துல கிடைச்சது?"

"தென்பக்கம் பூராவும் அக்கா. எங்க கை நீட்டினாலும் அதான். அவ்வளவு அடர்த்தி. அதனாலதான் எனக்கு..."

அவன் நின்றுவிட்டான். நானும் நின்றுவிட்டேன்.

"அடிக்கட்டை இல்லாம அத்தனை தளிர் எங்கேர்ந்து வந்தது எட்வின்?"

"நான் கீழே பார்க்கவே இல்லைக்கா. இடுப்பளவு பெரணிச் செடி. மழை வேற. அட்டைக்குப் பயந்து கைக்கு எட்டினதை வெட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தென்பக்கம் மரமே கிடையாது, வெறும் புதர் என்று மேனேஜர் சொன்னது எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி கேட்டது. அங்கே மரம் இருந்திருக்கிறது. யாரோ ஏற்கெனவே வெட்டியிருக்கிறார்கள். வெட்டிவிட்டு, இங்கே புதர்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அறிக்கையும் அதைப் புதர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, என் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு.

ஆனால் இதுவும் ஊகம்தானே. சிட்லபாக்கத்து நாவலைக் காட்டி மலைக்காட்டைப் பற்றி யாரிடம் பேச முடியும்? எட்வின் வீட்டுக்குக்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாமல் சென்ட்ரலில் ரயில் ஏறினான். போகும்போது அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "கட்டை இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எனக்காக எதையும் தேடிக் கண்டுபிடிக்காதே." இல்லை என்று வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியையும் எடுத்திருப்பேன், காட்டையும் கொடுத்திருப்பேன். இரண்டு நாள் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். அட்டெண்டர் என் அறைப் பக்கமே வரவில்லை.

மலையிலிருந்து டிரங்க் கால் வந்தது. லைனில் ஒரே இரைச்சல். எட்வின் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது.

"மேடம்! கட்டை மேடம்! எல்லாம் கட்டை!"

"எப்படி வெட்டினது? விழுந்த மரமா?"

"ரம்பம் போட்டு அறுத்தது மேடம். சமமா இருக்கு. மேல பாசி படிஞ்சிருக்கு. ஒரு மரத்துக்கு ரெண்டு தண்டு, அதுல ஒண்ணை மட்டும் அறுத்துட்டு விட்டிருக்காங்க. நிக்கற தண்டுல சாதாரண இலை. அறுத்த கட்டையில நம்ம இலை. ஒரே வேர் மேடம்!"

"என்ன மரம்?"

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் இறங்கி வந்தது.  "காட்டு நாவல்தான் மேடம். அந்த மலையில எல்லாத் துண்டுலயும் இருக்கறது."

அறிக்கையை மறுபடி டைப் செய்தோம். பெயரில்லாத வகை என்ற வரி போயிற்று. தென்பாதியில் புதர் என்று முன்பு குறித்தவை வெட்டப்பட்ட காட்டு நாவல் மரங்களின் தளிர்கள் என்ற வரி வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். துறைத் தலைவர் படித்துப் பார்த்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

கூட்டத்துக்கு எட்வின் ரயிலிலிருந்து நேராக வந்தான். சவரம் செய்யவில்லை, காலில் அட்டைக்கடித் தழும்பு, தோளில் ஒரு சாக்கு. மேனேஜர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்திப் புன்னகைத்தார்.

"அப்போ புது வகைன்னு பேசிக்கிட்டதெல்லாம் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்படித்தானே மேடம்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எட்வின் எழுந்துவிட்டான். அந்தப் புது வகை அவனுடையது. அதை இல்லை என்று சொல்ல வேண்டியவனும் தான்தான் என்று நினைத்திருக்கிறான்.

"இல்லை சார். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். புதர்னு நான் எழுதினது எல்லாம் மரம். அறுத்த மரம்" என்று சாக்கிலிருந்து இரண்டு கிளைகளை எடுத்து மேசையில் வைத்தான். பக்கத்தில் ஒரு கட்டையிலிருந்து வெட்டிய வில்லை ஒன்று. "இந்த ரெண்டு கிளையும் ஒரே மரம் சார். வேணும்னா நீங்களே வந்து பாருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மேனேஜரின் புன்னகை போகவில்லை, ஆனால் சுருங்கிவிட்டது. "கூலிக்காரங்க விறகுக்குக் காய்ஞ்ச மரத்தை எடுத்திருப்பாங்க சார். அது எல்லா எஸ்டேட்லயும் நடக்கறதுதான்."

வன அதிகாரி அந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "காய்ஞ்ச மரம் துளிர்க்குமா மேடம்?" என்று கேட்டார்.

"துளிர்க்காது சார். உயிரோட இருந்ததை அறுத்தாத்தான் துளிர்க்கும்."

மேனேஜர் அறிக்கையை மூடி வைத்தார். அதிகாரி எட்வின் பக்கம் திரும்பினார். "அப்போ அந்தத் தென்பக்கத்துல அபூர்வமா எதுவும் இல்லை?"

"இல்லை சார். எல்லா இடத்துலயும் இருக்கற மரம்தான். வெட்டாம விட்டா மறுபடி காடாகும்."

அனுமதி கிடையாது என்று அவர் அங்கேயே எழுதினார். வெட்டியது யார் என்று விசாரணைக்கும் உத்தரவு போட்டார். அந்த விசாரணை எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தென்பாதியில் தைலமரம் நடவில்லை.

எழும்பூரில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினோம். எனக்கு ஒரே சந்தோஷம். வாயை மூடாமல் பேசிக்கொண்டு வந்தேன். எட்வின் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தான். கிண்டியைத் தாண்டியதும் திரும்பினான்.

"அக்கா, அந்த அத்தியாயத்தை எடுத்துட்டா என் ஆராய்ச்சியில என்ன மிஞ்சும்?"

"காடு மிஞ்சும்டா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சொன்னவள் நான், இழந்தவன் அவன். அந்தப் பதிலை அப்போது சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. பல்லாவரத்தில் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். இனி இவன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். எங்கேயாவது பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடம் எடுக்கப் போய்விடுவான், இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான் என்று என்னென்னவோ யோசித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை ஹெர்பேரியக் கதவு எனக்கு முன்பே திறந்திருந்தது. எட்வின் சவரம் செய்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, வேறொரு துண்டுக் காட்டிலிருந்து வந்த கிளைகளைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பியிருந்தான். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, என்னிடம் நீட்டினான்.

"மேடம், இதுவும் கட்டையிலேர்ந்து வந்ததா இருக்குமோ? நேர்ல போய் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்றான்.